பழைய த்ரீ நொட் த்ரீயும் சனிக்கிழமை வானும்

1

அருள்நேசன் அண்ணை, நீங்கள் பொய் எழுதினீர்கள். தெரியாமல் எழுதிய பொய் அல்ல. நடந்தது என்னவென்று நான் ஃபோனில் சொல்லி, நீங்கள் "சரி சரி, விளங்குது" என்று கேட்டுக்கொண்ட பிறகு எழுதிய பொய்.

மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் விளக்கம் சொல்லவேண்டும். அருள்நேசன் எங்கள் கத்தோலிக்கப் பங்கின் தமிழ்ப் பணிக்குழுச் செயலாளர். மொன்றியல் தீவின் மேற்குப் பக்கத்தில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவைச் சுற்றி இருக்கிற தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஞாயிறு பின்னேரம் தமிழ்ப் பூசை உண்டு. சனிக்கிழமை கோயிலின் நிலக்கீழ் அறையில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. மாதம் ஒரு மடல் வரும். அதை எழுதி, படம் போட்டு, எல்லாருடைய ஃபோனுக்கும் அனுப்புகிறவர் அவர்தான். நான் யூட். ஒன்பது வருடமாகச் சனிக்கிழமைகளில் எட்டுப் பிள்ளைகளை வீடு வீடாக என் வானில் ஏற்றி வகுப்புக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டவன். இப்போது விடுவதில்லை. விட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

போன மாத மடலில் வந்தது இது. ஒரு எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்:

"நமது சிறார்களை ஏற்றிச் செல்லும் வாகனத்தில் வெடிபொருள் கண்டெடுக்கப்பட்டுள்ளது. ஓட்டுநர் தன் வீட்டில் இராணுவத் தானியங்கித் துப்பாக்கி ஒன்றை வைத்திருக்கிறார். பொலிஸ் விசாரணை நடைபெறுகிறது. பெற்றோர் அவதானமாக இருக்கவும்."

கீழே ஒரு படம். கறுப்பு நிறத்தில் ஒரு துப்பாக்கி, மேலே பெரிய தொலைநோக்கி. என் பெயர் போடவில்லையாம். பெயர் எதற்கு? வான் ஓட்டுகிறவன் ஒருவன்தான் இருக்கிறான்.

இரண்டு நாளில் அது மன்னாருக்குப் போய்விட்டது. என் அக்கா ஃபோன் எடுத்தா.

"தம்பி, உனக்கு என்னடா பிடிச்சது? துவக்கோட நிக்கிறியாம்?"

"ஆர் அக்கா சொன்னது?"

"ஆர் சொல்லேல்லை எண்டு கேள். ஊர் முழுக்க ஃபோனில கிடக்கு. பிள்ளையளின்ர வானுக்க குண்டு வச்சிருந்தியாம்."

"குண்டில்லை அக்கா. தோட்டாவின்ர வெறுங்கோது. சுட்டு முடிஞ்ச கோது."

"சுட்டு முடிஞ்சதோ? ஐயோ, ஆரைச் சுட்டனி?"

நான் சிரிக்கவில்லை. அவ அழுதுகொண்டிருந்தா. அதனால்தான் இதை ஊரில் வாசிக்கிறவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

2

டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றி இறக்குகிற வேலை எனக்கு. பத்தொன்பது வருடம். என்னோடு அந்த வேலை செய்த கிழவர் ஒருவர், றெயால் என்று பெயர், ஓய்வுபெறுகிற வருடம் தன் தகப்பனின் பழைய துப்பாக்கியை என்னிடம் விற்றார். இராணுவம் கழித்து விட்ட துப்பாக்கி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கனடாவில் செய்தது. த்ரீ நொட் த்ரீ, எழுத்தில் .303. யுத்தம் முடிந்த பிறகு இப்படிப்பட்டவற்றைக் கடைகளில் குவித்து வைத்து மலிவாக விற்றார்கள். இந்த நாட்டில் முக்கால்வாசிப் பேர் அதை வைத்து மான்தான் சுட்டார்கள்.

எனக்கு ஏன் அது பிடித்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மன்னாரில் வங்கி வாசலில் நின்ற பொலிஸ்காரனின் கையில் இருந்தது அதே துவக்கு. அதை ஊன்றிக்கொண்டு நின்றபடியே நித்திரை கொள்ளுவான். எங்களுக்கு அதில் ஒரு பயமும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த துவக்குகள்தான் எங்களுக்குப் பயத்தைக் காட்டின. றெயால் அந்தத் துப்பாக்கிப் பெட்டியைத் திறந்தபோது எனக்கு அந்த நித்திரைகொண்ட பொலிஸ்காரன்தான் ஞாபகத்துக்கு வந்தான். இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை. வேண்டுமென்றால் நம்புங்கள்.

இங்கே ஒரு துப்பாக்கி வாங்குவது தேங்காய் வாங்குவதுபோல் இல்லை. இரண்டு நாள் வகுப்பு, சோதனை, பிறகு விண்ணப்பப் படிவம். மனைவி இருந்தால் அவவுக்குத் தெரியுமா, விவாகரத்தா, கடந்த காலத்தில் மனச்சோர்வா, வேலை போனதா, எல்லாம் கேட்பார்கள். என் மனைவி இறந்து அப்போது இரண்டு வருடம். அதையும் எழுதினேன். மனச்சோர்வு இருந்ததா என்ற கேள்விக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. கடைசியில் உண்மையை எழுதினேன். அதற்காகத் திரும்பக் கூப்பிட்டு விசாரித்தார்கள். சரி, அது அவர்களின் வேலை.

அந்தப் படிவத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போடவேண்டும். இவரை எங்களுக்குப் பல வருடமாகத் தெரியும், இவர் கையில் துப்பாக்கி இருந்தால் யாருக்கும் ஆபத்து வரும் என்று நினைக்க எங்களுக்குக் காரணம் இல்லை என்று சொல்லும் கையெழுத்து. ஒன்று றெயால் போட்டார். மற்றது யார் போட்டது என்று நினைக்கிறீர்கள்?

அருள்நேசன் அண்ணை போட்டார். தன் வீட்டுக் குசினி மேசையில், கோப்பி குடித்துக்கொண்டு போட்டார். "என்னடா யூட், வயசு போற நேரத்தில வேட்டைக்காரனாகப் போறியோ? மான் விழுந்தா எனக்கு ஒரு தொடை" என்றார்.

3

நான் மான் சுடவில்லை. தூரத்துக்குச் சுடுகிறேன். மொன்றியலில் இருந்து இரண்டு மணித்தியாலம் ஓடினால் ஒரு சுடுதளம் இருக்கிறது. எண்ணூறு மீற்றர் தூரத்தில் இரும்புத் தகடு. அவ்வளவு தூரம் போவதற்குள் இந்தப் பழைய சன்னம் நான்கைந்து ஆள் உயரம் கீழே விழுந்துவிடும். விசையை இழுத்து, ஒன்றரைச் செக்கனுக்கு மேலே காத்திருந்து, பிறகு பார்க்கவேண்டும். சத்தம் திரும்பி வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம். வாழ்க்கையில் எனக்குப் பொறுமை என்று ஒன்று இருந்தால் அது அந்த இடைவெளியில் மட்டும்தான்.

அங்கே அறிமுகமானவன் கார்த்திக். கோயம்புத்தூர் பெடியன் என்று சொல்லுவேன், ஆனால் முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், கணினி நிறுவனத்தில் வேலை. அவனிடமும் ஒரு பழைய இராணுவத் துவக்கு, சுவிஸ் நாட்டில் செய்தது. பழையதை அப்படியே வைத்திருக்க அவனுக்குப் பிடிக்காது.

"அண்ணா, இந்த மரக்கட்டைய முதல்ல கழட்டிப் போடுங்க. வெயில்ல ஒரு இடத்துல அடிக்குது, மழையில வேற இடத்துல அடிக்குது. உங்க கண்ணு வேற வீக்கு."

"என்ர கண்ணுக்கு என்னடா?"

"தகடு எங்க இருக்குன்னு கேட்டா மரத்தக் காட்டுறீங்க!"

அவன் சொன்னது உண்மை. மொன்றியல் கோடையின் ஈரத்தில் குழலைத் தாங்குகிற மரம் ஊதும், குளிரில் சுருங்கும், குழலில் அழுத்தம் மாறும், குறி மாறும். அதனால் கறுப்பு நிறத்தில் ஒரு செயற்கைக் கட்டை வாங்கினோம். கண்ணால் குறிபார்க்கிற பழைய பின்குறியைக் கழற்றி, இரும்பில் ஒரு துளையும் போடாமல் தாங்கி ஒன்றைப் பூட்டி, அதன் மேல் தொலைநோக்கி வைத்தோம். முன்னால் ஊன்றி வைக்க இரண்டு கால். பழைய மரத்தைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் திருப்பிப் போடலாம். சுடுதளத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவன் அதைப் பார்த்துவிட்டு மாதாவின் சுருவத்துக்கு நான் மை பூசியதுபோல் பேசினான். "பழசைக் கெடுத்துப்போட்டாய்" என்று பிரெஞ்சில் திட்டினான். அவனுக்கு அது நூதனசாலைச் சாமான். எனக்கு அது சுடுகிற சாமான்.

கார்த்திக்கிடம் தூரம் அளக்கிற கருவி, காற்றைக் கணக்குப் போடுகிற ஆப், எல்லாம் உண்டு. என்னிடம் காற்று உண்டு. என் தகப்பன் வள்ளம் வைத்திருந்தவர். சோளகம், கச்சான், வாடை என்று காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய ஆட்கள் நாங்கள்.

"அண்ணா, ஆப் பத்து மைல் காத்துன்னு சொல்லுது. இடப்பக்கம் வைங்க."

"ஆப் ஆர்ர கையில நிக்குது?"

"என் கையிலதான்."

"அப்ப அது உன்ர பக்கத்துக் காத்து. அங்க பள்ளத்துக்கு மேல புல்லைப் பார். எதிர்ப்பக்கம் சாயுது."

அன்றைக்குப் பத்தில் ஆறு அடித்தேன். அவன் இரண்டு.

இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும், இந்தக் கதைக்கு அது தேவை. எங்களைப்போலத் தூரத்துக்குச் சுடுகிறவர்கள் வெற்றுக் கோதுகளை எறியமாட்டோம். ஒவ்வொரு துவக்கின் உள்ளறையும் கொஞ்சம் வேறு வேறு அளவு, இந்தப் பழைய த்ரீ நொட் த்ரீக்களில் இன்னும் மோசம். சுடும்போது பித்தளைக் கோது அந்த அறையின் அளவுக்கு விரிந்து நிற்கும். அதை எடுத்து, வாயை மட்டும் இறுக்கி, வெடிமருந்தும் சன்னமும் புதிதாய்ப் போட்டால் அதே துவக்குக்கு அளவெடுத்துத் தைத்த உடுப்புமாதிரி இருக்கும். நாற்பது சுட்டால் நாற்பதையும் பொறுக்கி எண்ணிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவேன்.

4

போன இலையுதிர் காலத்தில் அருள்நேசன் அண்ணை தானாகக் கேட்டார். "யூட், ஒருக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போவன். பேரப்பிள்ளையளுக்குக் கதை சொல்ல வேணும்."

கூட்டிக்கொண்டு போனேன். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். பாய் விரித்துக் கொடுத்தேன். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு மாட்டிவிட்டேன். குப்புறப் படுத்தார். நூறு மீற்றர் தகட்டுக்கு ஐந்து வெடி வைத்தார். நாலு மண்ணில். ஒன்று தகட்டில் "டங்" என்றது.

"அடிச்சிட்டன்! கேட்டியே? அடிச்சிட்டன்!"

"கேட்டது அண்ணை. எழும்பாதேங்கோ, முதல்ல போல்ட்டைத் திறவுங்கோ."

"தம்பி கார்த்திக், என்ர ஃபோனை எடும். ஒரு படம் எடும். முகம் தெரிய எடும். இந்தத் தொலைநோக்கியும் வர வேணும்."

"சிரிங்க சார்."

சிரித்தார். கார்த்திக் அவருடைய ஃபோனில் ஒன்றும் தன் ஃபோனில் ஒன்றும் எடுத்தான். வீடு வரும் வழியெல்லாம் தோளைத் தடவிக்கொண்டு வந்தார். "இதை ஒருதருக்கும் சொல்லிப்போடாதை, மனிசி கொல்லும்" என்றார். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. இன்றுவரைக்கும்.

5

இனி என் பிழையைச் சொல்லுகிறேன். ஒளிக்கப் போவதில்லை.

இந்த வசந்தத்தில் ஒருநாள் சுடுதளத்தில் நாற்பது சுட்டு முப்பத்தொன்பது கோது பொறுக்கினேன். ஒரு மணித்தியாலம் புல்லுக்குள் தேடினேன். கிடைக்கவில்லை, விட்டுவிட்டேன். அது புல்லுக்குள் இல்லை. என் குளிர்ச்சட்டைப் பைக்குள் விழுந்திருந்தது. அதே சட்டையைத்தான் வான் ஓட்டும்போதும் போடுவேன். பையில் இருந்து அது வானுக்குள் விழுந்து பின் ஆசனத்துக்குக் கீழே உருண்டது. அடுத்த சனிக்கிழமை வானில் வந்த ஒரு பையன் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

திங்கள் பின்னேரம் அவனுடைய தாய் சுபா என் வீட்டுக் கதவைத் தட்டினா. வன்னியில் இருந்து வந்தவ. யுத்தம் முடிகிற நேரம் எங்கே நின்றவ என்று நான் கேட்டதில்லை. அவ சொன்னதும் இல்லை. கையில் ஒரு கை துடைக்கிற ரிஷுத் தாள். அதற்குள் அந்தக் கோது.

"அண்ணை, இது உங்கட வானுக்க கிடந்ததாம். பிள்ளை விசில் எண்டு வாயில வச்சு ஊதுறான்."

வாங்கித் திருப்பிப் பார்த்தேன், என்னுடையதுதான்.

"வீட்டுக்க இந்தச் சத்தம் கேக்க நான் ஓடிப்போய்ப் பாத்தனான். பாத்த உடன தெரியும் எனக்கு. நாங்கள் வீட்டு முத்தத்தில கூட்டி அள்ளினது இதைவிடச் சின்னன். ஆனா தெரியும்."

"பிழை என்ர, தங்கச்சி. சுட்ட கோது. மருந்தில்லை. ஆனா பிழை என்ர."

"மருந்தில்லை எண்டும் தெரியும். உங்களுக்கு இது விளையாட்டு. எனக்கு ரெண்டு நாள் நித்திரை இல்லை."

நான் மன்னிப்புக் கேட்டேன். சுட்ட கோதின் உள்ளே ஈயக் கறை இருக்கும், பிள்ளை வாயில் வைத்திருக்கிறான், வைத்தியரிடம் காட்டுங்கள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அவவே கூட்டிப் போனா. ஒன்றுமில்லை என்று வைத்தியர் சொன்னார். அன்றைக்கே வானின் ஆசனங்கள் முழுவதையும் கழற்றிக் கழுவினேன். சுடப்போகிற சட்டை வேறு, வான் சட்டை வேறு என்று ஆக்கினேன். துவக்கு அந்த வானில் பிள்ளைகளோடு ஒரு சனிக்கிழமையும் ஏறியது கிடையாது, அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த சனிக்கிழமை சுபா தன் பிள்ளையை வாசலில் கொண்டுவந்து விட்டா. உள்ளே எட்டிப் பார்த்தா. "மணக்குது. என்ன பூசினியள்?" என்றா. "வினாகிரி" என்றேன். "இனிக் கவனம்" என்று கதவைச் சாத்தினா. பேச உரிமை உள்ள ஆள் அவ ஒருத்திதான். முகத்துக்கு நேரே வந்து பேசினா, திட்டினா, முடித்தா.

6

யாரோ பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். பெயர் சொல்லாமல். அடுத்த வியாழன் இரண்டு பேர் வந்தார்கள், ஒரு பெண், ஒரு ஆண். என் மகள் மெலனி அன்றைக்கு வீட்டில் நின்றாள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படிக்கிறாள். என்னோடு தமிழில் கதைப்பது சாப்பாட்டு விஷயத்துக்கு மட்டும். மற்றதெல்லாம் பிரெஞ்சு. துவக்கு அவளுக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது.

அந்தப் பெண் பொலிஸ் பெட்டியைக் காட்டி "செ பாரே?" என்று கேட்டா. பிரெஞ்சு வகுப்பில் எனக்குப் பூட்டுவதற்குச் சொல்லித் தந்த சொல் வேறு. இந்தச் சொல்லுக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் ரத்துச் செய்யப்பட்டது என்பது. அனுமதிப்பத்திரம் ரத்தாகிவிட்டதா என்று கேட்கிறா என்று நினைத்து "நோ! நோ!" என்று கத்தினேன். அவவின் முகம் மாறியது. மெலனி மாடிப்படியில் இருந்து பாய்ந்து வந்தாள்.

"அப்பா! பூட்டி இருக்கா எண்டு கேக்கினம்! ஓம் எண்டு சொல்லுங்கோ!"

பூட்டித்தான் இருந்தது. விசைக்கு ஒரு பூட்டு, பெட்டிக்கு ஒரு பூட்டு, சன்னங்களுக்கு வேறு பெட்டி, வேறு பூட்டு. மாகாணப் பதிவு இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொலைநோக்கியைப் பார்த்த ஆண் பொலிஸ் "அழகான சாமான்" என்று பிரெஞ்சில் சொன்னார். எல்லாம் சரி, முறைப்பாடு முடிந்தது என்று சொல்லிப் போய்விட்டார்கள். முக்கால் மணித்தியாலம் இருக்காது.

மெலனி சொன்னாள்: "வித்துப்போடுங்கோ அப்பா. உங்களுக்கு ஏன் இந்தக் கரைச்சல்?" பிறகு பிரெஞ்சில் ஏதோ நீளமாகச் சொன்னாள். அரைவாசி விளங்கியது. அம்மா செத்த பிறகு நான் ஞாயிறுகளில் காட்டுக்குள் போய்ப் படுத்திருப்பது தன்னை விட்டு ஓடுவது மாதிரி என்றாள்.

அன்றைக்கே நான் அருள்நேசன் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். வானுக்குப் பொறுப்பு அவருடைய குழு. அதனால் கோது விழுந்தது, சுபா வந்தது, பொலிஸ் வந்து பார்த்து முடித்தது, எல்லாம் நானே சொன்னேன். "சரி சரி, விளங்குது" என்றார். பத்து நாளுக்குப் பிறகு மடல் வந்தது.

7

வெடிபொருளாம். வெற்றுப் பித்தளை. தானியங்கியாம். ஒவ்வொரு வெடிக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளவேண்டிய, எழுபது எண்பது வருடத்துக்கு முந்திய துவக்கு அது. ஐந்து தரம் இழுத்துத் தள்ளியவருக்கு அது தெரியாதா? விசாரணை நடக்கிறதாம். முடிந்துவிட்டது என்று நானே சொல்லியிருந்தேன்.

மடல் வந்ததற்கு அடுத்த சனிக்கிழமை நான் வழமைபோல வானை எடுத்தேன். முதல் வீட்டில் பிள்ளை ஜன்னலில் நின்று கை காட்டியது. தகப்பன் வெளியே வந்து, "அண்ணை, குறை நினைக்காதேங்கோ, இண்டைக்கு நாங்களே கொண்டுபோறம்" என்றான். இரண்டாம் வீட்டில் கதவே திறக்கவில்லை. எட்டில் ஒரு வீட்டில்தான் பிள்ளை ஏறியது. சுபாவின் பிள்ளை. "எனக்குத் தெரிஞ்சதைவிடச் செயலாளருக்கு என்ன தெரியும்?" என்றா அவ. ஒற்றைப் பிள்ளையோடு வகுப்புக்குப் போனேன். இறங்கும்போது அவன் கேட்டான்: "மாமா, மற்ற ஆக்களுக்குக் காய்ச்சலா?"

அடுத்த கிழமை குழுவில் இருந்து செய்தி வந்தது. மறு அறிவித்தல்வரை வான் வேண்டாம்.

மறுப்பு ஒன்று எழுதி அனுப்பினேன். அரைப் பக்கம்தான். "மடலில் இடமில்லை" என்று பதில் வந்தது. இந்த மாத மடலில் நண்டுக் கறி வைப்பது எப்படி என்று ஒரு முழுப் பக்கம் போயிருந்தது.

அந்தப் படத்தை நான் வெறுப்பில் சரியாகப் பார்க்கவே இல்லை. என் துவக்குத்தான் என்று தெரியும், எங்கே எடுத்தது என்று யோசிக்கவில்லை. மெலனிதான் தன் ஃபோனில் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அப்பா, இது வெட்டின படம். இந்த ஓரத்தில பாருங்கோ."

தொலைநோக்கியின் பின் ஓரத்தில், படம் முடிகிற இடத்தில், விசையில் ஒரு கை. மணிக்கட்டில் தங்கச் சங்கிலி.

"நீங்கள் கைச்சங்கிலி போடுறேல்லையே?"

நான் போடுவதில்லை. யார் போடுகிறார் என்று பங்கில் எல்லாருக்கும் தெரியும். கார்த்திக்குக்குச் செய்தி அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் முழுப்படமும் வந்தது. துவக்குக்குப் பின்னால் அருள்நேசன் அண்ணை படுத்திருந்து, முகம் தெரிய, பல் தெரியச் சிரிக்கிறார். கூடவே கார்த்திக் எழுதியிருந்தான்: "ஸாரி அண்ணா. அந்தக் கறுப்புக் கட்டைய நான்தான் வாங்கச் சொன்னேன். மரத்தோட இருந்திருந்தா யாரும் பயந்திருக்க மாட்டாங்க."

அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. மரக்கட்டையோடு அந்தப் படத்தைப் போட்டிருந்தால் தாத்தா காலத்துச் சாமான் என்று சொல்லியிருப்பார்கள். குழல் அதே குழல், சன்னம் அதே சன்னம். கறுப்பும் தொலைநோக்கியும் சேர்ந்தவுடன் எங்கள் சனத்துக்கு வேறொரு படம் மனதில் ஓடுகிறது. ஓடத்தான் செய்யும். ஓடாமல் இருக்க நாங்கள் என்ன வேறு நாட்டிலா பிறந்தோம்? அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். அது எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்துகொண்டு அதில் விரலை வைத்து அழுத்தினவரைத்தான் மன்னிக்க முடியவில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதில் ஆமிக்காரர் எங்களைச் சுற்றிவளைத்துக் கோயில் வளவில் வெயிலில் இருத்தினார்கள். சாக்கு மூடிய ஒருவன் வாகனத்துக்குள் இருந்தான். ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் நடக்கவேண்டும். தலையாட்டி: அவன் தலையை ஆட்டினால் பிடித்துக்கொண்டு போவார்கள். எனக்கு அவன் ஆட்டவில்லை. எனக்கு முன்னால் போனவனுக்கு ஆட்டினான். அந்தச் சாக்குக்குள் இருந்த கண்ணும் தமிழ்க் கண்தான். பெயர் சொல்லாமல் பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. அது அருள்நேசன் என்று நான் சொல்ல வரவில்லை, அத்தாட்சி இல்லாமல் எழுதுகிறவன் நானில்லை. ஆனால் பெயர் போடாமலே ஒருவனை யார் என்று தெரியும்படி காட்டிக்கொடுக்கிற வேலையை மடலில் செய்தது யார் என்று எனக்குத் தெரியும்.

ஏன் செய்தார்? நான் நினைக்கிறது இதுதான். கோதுக் கதை பங்கில் பரவத் தொடங்கியதும் அவருக்குப் பயம் பிடித்தது. இவனுக்கு அனுமதி கிடைக்கக் கையெழுத்துப் போட்டது யார் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். கேட்கும் முன் தானே முந்திக்கொண்டு கத்தினார். தவறென்றால் தவறென்று சொல்லட்டும், நான் கேட்கிறேன்.

8

முழுப்படம் என்னிடம் இருக்கிறது. ஒரு விரலால் அழுத்தினால் ஊருக்கும் பங்குக்கும் அது போய்ச் சேரும். மெலனி அனுப்பச் சொல்லுகிறாள். கார்த்திக் அனுப்பச் சொல்லுகிறான். அக்கா, "உடன போடு தம்பி, என்னால வெளிய தலை காட்டேலாது" என்கிறா. நான் அனுப்பவில்லை. நான் அனுப்பினால் அது இன்னொரு ஃபோன் சண்டை. உங்கள் மடலில் வந்த பொய்யை உங்கள் மடல்தான் திருத்தவேண்டும்.

அருள்நேசன் அண்ணை, துவக்கு வைத்திருப்பது பிழை என்று நீங்கள் நினைத்தால் அதைச் சொல்லுங்கள். எத்தனையோ நல்ல ஆட்கள் அப்படி நினைக்கிறார்கள், என் மகளும் அப்படித்தான். அந்த விவாதத்துக்கு நான் வருவேன், தோற்றாலும் பரவாயில்லை. ஒரு தாய் என்னிடம் வந்து, இந்த மனிதனின் வானில் என் பிள்ளையை ஏற்றமாட்டேன் என்றால் அது அவவின் உரிமை. ஆனால் உண்மையைத் தெரிந்து முடிவெடுக்கட்டும்.

வருகிற ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து அறிவித்தல் வாசிக்கும்போது ஒலிவாங்கி உங்கள் கையில்தான் இருக்கும். நான் முன் வரிசையில் இருப்பேன். எட்டுக் குடும்பமும் இருக்கும். எனக்குத் தனியாகத் தொலைபேசி எடுக்கவேண்டாம், வீட்டுக்கு வரவேண்டாம், பங்குச் சுவாமியைத் தூது அனுப்பவேண்டாம். அந்தச் சனத்துக்கு முன்னால் பதில் சொல்லுங்கள்: வானில் கிடந்தது வெடிபொருளா, வெறுங்கோதா? பொலிஸ் விசாரணை நடக்கிறதா, முடிந்ததா? என்னை நம்பலாம் என்று அரசாங்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது யார்? பிறகு அடுத்த மடலில், அதே இடத்தில், அதே அளவில், வெட்டாமல் அந்தப் படத்தைப் போடுங்கள். கீழே அதில் இருப்பவரின் பெயரை நீங்களே எழுதுங்கள்.